விபிஎன் இயக்கினால் நாம் இருக்கும் இடம் உண்மையிலேயே மறைந்துவிடுமா?

நெய்தல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணினித் துறையைச் சேர்ந்தவள் அல்லள். பள்ளியொன்றில் தமிழாசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் தங்கை மூன்று மாதங்களுக்கு முன் கணவர் வீட்டை விட்டு வெளியேறி, ஆறு வயது மகளோடு வேறோர் ஊரில் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கியிருக்கிறாள். அடி பொறுக்க முடியாமல் வந்தவள் என்பதற்கு மேல் அந்தக் கதையை இங்கே விரிக்க எனக்கு மனமில்லை. ஊரின் பெயரையும் காரணத்தோடுதான் தவிர்க்கிறேன். "அவள் எங்கே இருக்கிறாள் என்பதை இணையத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்" என்று அவள் கணவர் உறவினர் வீடுகளிலெல்லாம் சொல்லிவருகிறார். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு இரவில் தூக்கமில்லை.

அவளுடன் வேலை பார்க்கும் பெண் ஒருவர், நம் இணையத் தொடர்பை வேறோர் ஊரில் உள்ள கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டால் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஓராண்டுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது இருவரும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தோம். விபிஎன் இல்லாமல், இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்தபோது அது "சென்னை" என்றது. உண்மையில் அவள் இருக்கும் ஊர் சென்னையிலிருந்து ஓர் இரவுப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. விபிஎன்னை இயக்கி நெதர்லாந்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே தளம் "ஆம்ஸ்டர்டாம்" என்று மாற்றிச் சொன்னது. நீண்ட நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஆனால், அந்தத் தெளிவு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அப்படியே கூகுள் மேப்ஸைத் திறந்தபோது, நீலப் புள்ளி அவள் குடியிருக்கும் தெருவில், மளிகைக் கடைக்கும் அவள் வீட்டு வாசற்படிக்கும் நடுவே வந்து நின்றது. விபிஎன் அப்போதும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஒரே கைப்பேசி, ஒரே நேரத்தில், ஓரிடத்தில் ஆம்ஸ்டர்டாம் என்றும் இன்னோரிடத்தில் வாசற்படி வரைக்கும் காட்டுவது எப்படி? தேடிவரும் ஒருவருக்கு இவ்விரண்டில் எது தெரியவரும்? இந்தச் செயலியை நம்பி அவள் நிம்மதியாக இருக்கலாமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

வலைப்பின்னல் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் இணையச் சேவை வழங்கும் நிறுவனங்களில் வலையமைப்புப் பொறியாளராகப் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன். நீங்கள் செய்த சோதனை மிகச் சரியான சோதனை. அதில் கண்ட முரண்பாட்டிலேயே உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

கைப்பேசியின் இருப்பிடம் இரு வேறு வழிகளில் வெளியே தெரியவருகிறது. தரவு எந்தப் பாதை வழியாக வந்து போகிறது என்பதைக் கொண்டு ஊகிப்பது ஒரு வழி. கைப்பேசி தானே தன் இடத்தைக் கணித்துச் சொல்லிவிடுவது மற்றொரு வழி. விபிஎன் மாற்றுவது முதலாவதை மட்டும்தான். ஒரு கடிதத்தை இன்னோர் உறைக்குள் போட்டு ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஒருவருக்கு அனுப்பி, அவர் அங்கிருந்து அதை மீண்டும் அஞ்சலில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெறுபவர் கண்ணில் படுவது ஆம்ஸ்டர்டாம் முத்திரைதான். ஆனால், கடிதத்தின் உள்ளே நீங்களே வீட்டு முகவரியை எழுதி வைத்திருந்தால் முத்திரை எந்த ஊராக இருந்து என்ன பயன்?

அந்தச் "சென்னை" எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐபி முகவரியைப் பற்றிய அச்சத்தில் பாதி அதைப் புரிந்துகொண்டாலே தீர்ந்துவிடும். ஐபி முகவரிக்குள் ஊர்ப் பெயர் எதுவும் பொறிக்கப்பட்டிருப்பதில்லை. எந்த முகவரித் தொகுதி எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது, அது எந்த நகரில் புழங்குவதாகத் தெரிகிறது என்பனவற்றைச் சில நிறுவனங்கள் திரட்டித் தரவுத்தளங்களாக விற்கின்றன. இணையதளங்கள் அவற்றைப் பார்த்தே ஊரைச் சொல்கின்றன. கைப்பேசிச் சேவை நிறுவனங்களோ ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தி, பெருநகரங்களில் உள்ள நுழைவாயில்கள் வழியாகவே இணையத்துக்குள் விடுகின்றன. அதனால்தான் தென்கோடியில் இருப்பவரும் சென்னைக்காரராகத் தெரிகிறார்.

இந்தத் தரவுத்தளங்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கும் ஒரு பண்ணை வீடு சான்று. இத்தகைய தரவுத்தளத்தை விற்கும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்கா என்பது தெரிந்தும் ஊர் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியைக் குறிக்க 38 பாகை வடக்கு, 97 பாகை மேற்கு என்று முழு எண்களாக இட்டு வைத்தது. அந்தப் புள்ளி போய் விழுந்த இடம் அந்தப் பண்ணை. ஏறத்தாழ 60 கோடி ஐபி முகவரிகள் அந்த ஒரே வீட்டைச் சுட்டிக்கொண்டிருந்தன. மோசடிக்காரர்களைத் தேடிக்கொண்டு காவலர்களும், அரசு அதிகாரிகளும், ஆத்திரம் கொண்ட தனி மனிதர்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே வந்து கதவைத் தட்டினார்கள். 2016ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியான பிறகே நிறுவனம் அந்தப் புள்ளியை ஓர் ஏரியின் நடுவே கொண்டுபோய் வைத்தது. ஆகவே, உங்கள் தங்கையின் ஐபி முகவரி அவர் கணவர் கையில் கிடைத்தே விட்டாலும், அதிலிருந்து அவருக்குக் கிடைக்கக்கூடியது ஒரு பெருநகரத்தின் பெயர்தான். எந்த நிமிடத்தில் எந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் மட்டுமே இருக்கும்; சட்டப்படி கேட்கும் விசாரணை அமைப்புகளுக்குத்தான் அது தரப்படும்.

நீலப் புள்ளியின் கதை வேறு. கைப்பேசி, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. விபிஎன்னுக்கு அந்தக் கணக்கில் எந்தப் பங்கும் இல்லை. அது போதாதென்று, அக்கம்பக்கத்து வீடுகளில் உள்ள வைஃபை ரூட்டர்கள் ஒவ்வொன்றும் இடைவிடாமல் ஒலிபரப்பும் தனி அடையாள எண்களையும் அது குறித்துக்கொள்கிறது. எந்த எண் கொண்ட ரூட்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்ற மாபெரும் பட்டியலை கூகுளும் ஆப்பிளும் தனித்தனியே வைத்திருக்கின்றன. கைப்பேசி அந்தப் பட்டியலைக் கேட்கும் கேள்வி ஆம்ஸ்டர்டாம் வழியாகச் சுற்றிப் போனாலும் வரும் விடை அதே தெருதான்.

இதில் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. கணவர் வீட்டில் பயன்படுத்திய பழைய ரூட்டரை உங்கள் தங்கை கையோடு கொண்டுவந்திருந்தால் தயவுசெய்து அதை மின்சாரத்தில் இணைக்க வேண்டாம். ரூட்டர் இடம் மாறினால் பட்டியலிலும் அதன் இடம் மாறிவிடும். ரூட்டரின் எண்ணை அறிந்த ஒருவர் அதைத் தேடிப் பின்தொடர முடியும் என்பதை அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஆப்பிளின் பட்டியலைக் கொண்டே காட்டினார்கள். புதிய ரூட்டர் வாங்குவதற்கு ஆகும் செலவு இந்த விஷயத்தில் செலவே அல்ல.

உலாவியும் தன் பங்குக்குச் சில குறிப்புகளைத் தந்துவிடுகிறது. விபிஎன்னில் ஆம்ஸ்டர்டாமைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், நேர மண்டலம் என்னவென்று ஓர் இணையதளம் கேட்டால், சர்வதேச நேரத்திலிருந்து உள்ள வேறுபாடாக "-330" நிமிடங்கள் என்று உலாவி பதில் சொல்லும். ஐந்தரை மணி நேர வேறுபாட்டில் இயங்கும் நாடுகள் இந்தியாவும் இலங்கையும்தான். ஆம்ஸ்டர்டாம் முகவரியோடு இந்திய நேரம் காட்டும் ஒருவர் விபிஎன்னில் இருக்கிறார் என்பதை ஊகிக்க நிபுணர் தேவையில்லை. உலாவியின் நேரடி அழைப்பு வசதி வழியாக உண்மையான ஐபி முகவரி வெளியே தெரிந்துவிடும், 2015இல் கண்டறியப்பட்ட வெப்ஆர்டிசி கசிவு, பொது வைஃபையில் இருக்கும் ஒருவர் நம் தரவை விபிஎன்னுக்கு வெளியே திருப்பிவிடக்கூடிய, 2024இல் வெளியான டனல்விஷன் தாக்குதல் ஆகியவையும் உண்மையானவையே. ஆனால் பின்னது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைப் பாதிப்பதில்லை. உங்கள் தங்கையின் நிலையில் இவற்றைப் பற்றிக் கவலைப்பட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

கடலடிக்கம்பி எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அவர் தொடாத ஒரு பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். விபிஎன் நம் இடத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. நம் சேவை நிறுவனத்துக்குத் தெரிந்திருந்த ஒன்றை விபிஎன் நிறுவனத்துக்கும் தெரியும்படி செய்கிறது. நம் உண்மையான ஐபி முகவரி அந்த நிறுவனத்தின் சேவையகத்துக்கு (சர்வர்) ஒவ்வொரு நொடியும் தெரியும். பதிவுகளை வைத்துக்கொள்வதில்லை என்று அவர்கள் சொல்வதை நம்புவதா என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரலில் சுவீடன் காவல்துறை தேடுதல் ஆணையுடன் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் கோதன்பர்க் அலுவலகத்துக்குச் சென்றபோது, கேட்ட வாடிக்கையாளர் தரவு எதுவும் அங்கே இல்லாததால் வெறுங்கையோடு திரும்ப நேர்ந்தது. எல்லா நிறுவனங்களும் அப்படி இருந்ததில்லை. பதிவே கிடையாது என்று விளம்பரப்படுத்திவிட்டு, விசாரணை வந்தபோது பதிவுகளை எடுத்துக் கொடுத்தவையும் உண்டு. இலவசச் செயலிகள் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

இந்தியாவில் இருக்கும் நாம் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். செர்ட்-இன் என்ற அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகள் ஆகியவற்றை குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும். அதை ஏற்க விரும்பாத எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன், புரோட்டான் முதலிய நிறுவனங்கள் அந்த ஆண்டிலேயே இந்தியாவில் இருந்த தங்கள் சேவையகங்களை அகற்றிக்கொண்டன. அதற்குப் பிறகும் அச்செயலிகள் சிலவற்றில் "இந்தியா" என்ற தேர்வு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முகவரி இந்திய முகவரியாகப் பதிவாகியிருக்கும். இயந்திரம் மட்டும் சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும்.

இதை நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். ஒளியிழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது, அதாவது போய்த் திரும்ப ஒரு மில்லி நொடி ஆனால் எதிர்முனை 100 கி.மீ.க்கு அப்பால் இருக்க வழியே இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கி.மீ.; எந்தச் சமிக்ஞையும் 29 மில்லி நொடிக்குள் போய்த் திரும்ப முடியாது. சிங்கப்பூரில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கணினியிலிருந்து ஒரு நிறுவனத்தின் "இந்தியா" சேவையகத்துக்கு, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பினேன். இரண்டு மில்லி நொடியில் பதில் வந்தது. தரவுத்தளம் என்ன சொன்னாலும் ஒளியின் வேகம் பொய் சொல்லாது. கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதே முறையில் ஏழு நிறுவனங்களின் 2,269 சேவையகங்களைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, விளம்பரப்படுத்திய நாட்டில் இல்லை என்று கண்டார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், விபிஎன் நிறுவனம் காட்டும் கொடியும் ஊர்ப் பெயரும் ஒரு பதிவேட்டுக் குறிப்பு மட்டுமே என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். ஆம்ஸ்டர்டாம் என்று திரையில் தெரிந்ததும் வந்த நிம்மதியை அதற்குரிய அளவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கை எழுதியது:

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தங்கை வெளியே வந்ததும், நீங்கள் பக்கத்தில் இருப்பதும் பெரிய விஷயம். வீட்டு வன்முறையிலிருந்து விலகி வரும் பெண்களுக்காக வழக்குரைஞர் ஒருவருடன் சேர்ந்து சில ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். மேலே ஐயா இருவரும் எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனால், எங்களிடம் வந்த பெண்களில் ஒருவரைக்கூட அவர் கணவர் ஐபி முகவரியைக் கொண்டு கண்டுபிடித்ததில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்கு அந்தச் சிரமம் தேவைப்படுவதில்லை. கடவுச்சொற்கள் அவருக்கு முன்பே தெரியும்.

ஒரு பெண் பாதுகாப்பாக வேறு மாவட்டத்துக்குச் சென்று, சிம் கார்டையும் மாற்றி, யாரிடமும் பேசாமல் இருந்தார். பள்ளி திறக்கும் நேரத்தில் மகளுக்குக் காலணி வாங்க வேண்டியிருந்தது. நெடுநாளாகப் பயன்படுத்திவந்த ஆன்லைன் கடைக் கணக்கிலேயே புது முகவரியைச் சேர்த்து வாங்கினார். அந்தக் கணக்கோடு இணைந்திருந்த மின்னஞ்சல் கணவருடையது. பொருள் வந்து சேர்வதற்கு முன்பே, வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் அடங்கிய மின்னஞ்சல் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று அந்தப் பெண் விபிஎன் வைத்திருந்தாலும் அந்த மின்னஞ்சல் போயிருக்கும்.

எனவே, முதலில் உங்கள் தங்கையின் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதியில், அக்கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். அவர் கணக்கு இன்னொரு கருவியில் திறந்திருந்தால், தொலைந்த கைப்பேசியைத் தேடித் தரும் வசதியைக் கொண்டு, நீங்கள் கண்ட அதே நீலப் புள்ளியை அந்தக் கருவியை வைத்திருப்பவரும் பார்க்க முடியும். மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு யாருக்காவது திறந்திருக்கிறதா, குடும்பக் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா, வாட்ஸ்அப் வேறொரு கணினியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். சமையல் எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு, காரின் ஃபாஸ்டேக், உணவுச் செயலி ஆகிய ஒவ்வொன்றிலும் குறுஞ்செய்தி எந்த எண்ணுக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதிச் சரிபார்ப்பது நல்லது. கைப்பேசியைக் கணவரே வாங்கித் தந்திருந்தாலோ, அது அவர் கையில் சில நாள்கள் இருந்திருந்தாலோ, உளவுச் செயலி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு வேறொரு கைப்பேசிக்கு மாறுவதே பாதுகாப்பு. குழந்தையின் பை, பொம்மை ஆகியவற்றில் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் புளூடூத் வில்லை ஏதேனும் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.

புகைப்படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கைப்பேசியில் எடுக்கும் படக்கோப்புக்குள்ளேயே எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் எழுதப்பட்டிருக்கலாம். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த ஜான் மெக்காஃபியுடன் எடுத்த படத்தை ஓர் இதழ் இணையத்தில் வெளியிட்டபோது, அவர் குவாதமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் படத்தில் ஒளிந்திருந்த ஆயத்தொலைவுதான். கணினிப் பாதுகாப்பு மென்பொருளால் பெயர் பெற்றவருக்கே அப்படி நேர்ந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீக்கப்பட்டுவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். கேமராச் செயலியின் அமைப்பில் இடத்தைச் சேர்க்கும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். கணவரின் கருவி பட்டியலில் இருந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள். முதலில் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படம் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிரதியை உங்களிடமும் வைத்திருங்கள். இணைப்பு அறுந்ததைக் கண்டதும் சிலர் ஆத்திரம் கொண்டு நேரில் கிளம்பிவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் 181 என்ற மகளிர் உதவி எண்ணிலோ மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ பேசி, ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்துகொண்ட பிறகு நீக்குங்கள். பெண்ணொருவரின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் என்னும் குற்றம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 18ஆம் பிரிவின்படி, மின்னணு வழியிலும் அவர் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட முடியும்.

நெய்தல் எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. துணைக்கை அவர்கள் சொன்னபடி பட்டியலைத் திறந்து பார்த்தோம். தங்கையின் கைப்பேசிக்குக் கீழே ஒரு பழைய டேப்லெட்டின் பெயர் இருந்தது. குழந்தை கார்ட்டூன் பார்ப்பதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. வெளியேறிய அவசரத்தில் அதைப் பற்றிய நினைவே வரவில்லை. அது கடைசியாகப் பயன்படுத்தப்பட்ட நாள் என்று "நேற்று" காட்டியது. அவள் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் சேவை மையத்துக்குப் போனோம். அங்கிருந்த அலுவலர் பாதுகாப்பு அலுவலரிடம் பேசி ஏற்பாடு செய்த பிறகு, டேப்லெட்டை நீக்கிக் கடவுச்சொல்லையும் மாற்றினோம். பழைய ரூட்டர் எதையும் அவள் கொண்டுவரவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சில நாள்களாக அவளுக்குத் தெரியாத எண்களிலிருந்து வாட்ஸ்அப் அழைப்புகளும், "இந்தப் படத்தில் இருப்பது நீங்களா" என்ற வாசகத்தோடு சில இணைப்புகளும் வருகின்றன. அவற்றைத் திறந்தால் இடம் தெரிந்துவிடுமா? இன்னொன்று, காவல் நிலையத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்றும், கைப்பேசி கோபுரத்தை வைத்துப் பார்க்கச் சொல்வேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். விபிஎன் அதைத் தடுக்குமா?

வலைப்பின்னல் எழுதியது:

அந்த டேப்லெட்டைக் கண்டுபிடித்ததே நீங்கள் செய்த மிகப் பெரிய வேலை, சகோதரி.

இணைப்புகளைத் திறக்க வேண்டாம். ஆனால் தவறிப்போய்த் திறந்துவிட்டால், நீங்கள் கட்டணம் செலுத்திய விபிஎன் உண்மையிலேயே உதவும் இடம் அதுதான். அத்தகைய இணைப்புகளில் பல, திறப்பவரின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. விபிஎன் இயங்கினால் அனுப்பியவருக்கு ஆம்ஸ்டர்டாம் மட்டுமே கிடைக்கும், இயங்காவிட்டால் சென்னை போன்ற ஒரு நகரம் கிடைக்கும். பக்கம் திறந்ததும் "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கவா" என்று உலாவி கேட்டால் மறுத்துவிட வேண்டும். அந்த ஒரு பொத்தானை அழுத்தினால் நீலப் புள்ளியே அவர் கைக்குப் போய்விடும், அப்போது விபிஎன் இருந்தும் பயனில்லை. அழைப்புகளைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப் அழைப்பு இரு கைப்பேசிகளுக்கிடையே நேரடியாகச் செல்லும்போது எதிர்முனைக்கு ஐபி முகவரி தெரியவரக்கூடும். 2023 நவம்பரில் அதற்கென ஒரு வசதியைக் கொண்டுவந்தார்கள். தனியுரிமை அமைப்புகளில் மேம்பட்டவை என்ற பகுதிக்குள் சென்று, அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் தேர்வை இயக்கிவிட்டால் அழைப்பு வாட்ஸ்அப் சேவையகம் வழியாகவே செல்லும். அதே தனியுரிமை அமைப்புகளில், தெரியாத எண்களின் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் தேர்வும் உண்டு.

கோபுர விஷயத்தில் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிம் கார்டு இயங்கும் வரை எந்தக் கோபுரத்தோடு அது இணைந்திருக்கிறது என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். விபிஎன் அதைத் தொடக்கூட முடியாது. ஆனால் அந்தப் பதிவை ஒரு காவலர் நண்பருக்காக எடுத்துக் கொடுப்பது அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய செயல். 2013இல், அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் அழைப்புப் பதிவுகளை எடுக்க முயன்றதாக டெல்லிக் காவலர் ஒருவரே கைது செய்யப்பட்டார். இப்படி ஒரு மிரட்டல் வந்தது என்பதை, யாரிடம் எப்போது சொன்னார் என்ற விவரத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். பழைய எண் கணவர் பெயரில் வாங்கப்பட்டதாக இருந்தால், தங்கை தன் பெயரில் புதிய சிம் வாங்கிக்கொள்வது அவசியம்.

வங்கிச் செயலிகள் வெளிநாட்டு முகவரியைக் கண்டால் உள்நுழைவை மறுக்கக்கூடும். அவற்றுக்கு மட்டும் விபிஎன்னை அணைத்துக்கொள்ளலாம். அதனால் அவர் கணவருக்குத் தெரியக்கூடியது எதுவும் இல்லை.

துணைக்கை எழுதியது:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குழந்தை புதிய பள்ளியில் சேர்ந்திருந்தால், ஆண்டு விழா, பரிசளிப்பு போன்றவற்றின் படங்களைப் பள்ளிகள் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிடுவது வழக்கம். சீருடையும் பின்னால் உள்ள பெயர்ப் பலகையும் தெரியும் ஒரு படம், உறவினர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும். மகளின் படம் எதையும் வெளியிட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

நானே ஆசிரியையாக இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பள்ளிப் பக்கத்தில் நானே எத்தனையோ படங்களை ஏற்றியிருக்கிறேன். கடிதத்தை இன்றிரவே எழுதிவிட்டேன். நாளைக் காலை இறைவணக்கத்துக்கு முன் தங்கை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.